மெர்ல் ஓபரான்: மறைத்துக்கொண்ட பம்பாய்

தமிழர் மலரில் ஓர் ஆங்கில நடிகைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். 'உதரிங் ஹைட்ஸ்' (1939) படத்தில் லாரன்ஸ் ஒலிவியேவுக்கு ஜோடியாக நடித்த மெர்ல் ஓபரான் பிறந்தது சாட்சாத் நம்ம பம்பாயில், 1911 பிப்ரவரி 19ஆம் தேதி. அவரை வளர்த்த சார்லட் செல்பி இலங்கையைச் சேர்ந்த யுரேஷியப் பெண்மணி. தந்தை எனப்பட்ட தாம்சன் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலேயர். ஆங்கிலோ இந்திய ரயில்வேக் குடும்பங்களை அடுத்த வீட்டில் வைத்துப் பார்த்த கல்யாண்காரர்களுக்கு இந்தக் குடும்பச் சித்திரம் ஒன்றும் அந்நியமானதல்ல.

பெற்றவர் சார்லட்கூட இல்லை. சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ், தானே சிறுமியாக இருக்கும்போது ஈன்ற குழந்தை இது என்பது பம்பாய்ப் பிறப்புச் சான்றிதழால் பின்னாளில் வெளிப்பட்டது. பாட்டியை அம்மா என்றும், அம்மாவை அக்கா என்றும் நம்பி வளர்ந்தவர் குவீனி. வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். கல்கத்தாவில் படிப்பு, பிறகு 1920களின் கடைசியில் ஐரோப்பா. இதே 1911இல் திருவையாற்றில் பிறந்த டி.பி. ராஜலட்சுமி, 1931இல் இதே பம்பாயில் எடுக்கப்பட்ட 'காளிதாஸ்' படத்தில் தமிழ் பேசினார், பாடினார். அதே காலத்தில் குவீனி லண்டனில் தன் ஊரை மறக்கப் பாடம் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

அலெக்சாண்டர் கோர்டாவின் 'தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி தி எய்ட்த்' (1933) படத்தில் தலை வெட்டப்படப் போகும் ஆன் பொலீன் ராணியாகச் சில நிமிஷம்தான் வருகிறார். அது போதுமாக இருந்தது. அப்புறம் கட்டிவிடப்பட்ட கதை என்னவென்றால், அவர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவராம். ஆவணங்கள் எல்லாம் தீயில் போய்விட்டனவாம். யாரும் போய்ப் பார்க்க முடியாத தூரத்தில் ஒரு வெள்ளைக்கார ஊர்!

ஏன் இந்தப் பொய் என்று கேட்பவர்கள் அன்றைய அமெரிக்கச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இந்தியர் அங்கே குடியுரிமை பெறும் வழியே 1946இல்தான் திறந்தது. ஹாலிவுட்டின் தணிக்கை விதி கறுப்பர், வெள்ளையர் உறவைத் திரையில் காட்டக் கூடாது என்றது. நடைமுறையில் அது ஆசியர் மீதும் பாய்ந்தது. 'தி குட் எர்த்' (1937) படத்தின் சீனத்துக் கதாநாயகி வேஷம் சீன வம்சாவளி அன்னா மே வாங்குக்குக் கிடைக்காமல், லூயிஸ் ரெய்னருக்குப் போனது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஓபரானுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

ஆனாலும் மனசு ஆறாத ஒரு விஷயம் உண்டு. லண்டன் வீட்டில் விருந்தினர் வரும்போது சார்லட், எஜமானியின் வேலைக்காரி என்று அறிமுகம் செய்யப்பட்டார். 1937இல் அப்படியே கண்ணை மூடினார். பிறகு 1949இல் ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து அம்மாவின் உருவத்தை ஓவியமாக வரையச் சொன்னார் மகள். நிறத்தை மட்டும் வெளுப்பாக்கச் சொன்னார். அந்தப் படம் அவர் குடியிருந்த வீடுகளில் எல்லாம் தொங்கியது. வெட்கமா, பாசமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1960களின் கடைசியில் இந்த நகரத்தில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தபோது, "வெளியே தமிழ் பேசாதே" என்று பிள்ளைகளை அடக்கியவர்கள் நம்மிலும் இருந்தார்கள்தானே.

நடிப்புக்கு வருவோம். பலரும் கொண்டாடும் 'உதரிங் ஹைட்ஸ்' எனக்கு அவ்வளவு நிறைவு தரவில்லை. ஓபரான் அழகாக இருக்கிறார், ஆனால் எமிலி பிரான்டியின் கேத்தியிடம் உள்ள காட்டுத்தனம் வரவில்லை. உச்சரிப்பில் ஒரு ஜாக்கிரதை. பாடம் பண்ணிய இங்கிலீஷை நழுவ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவரின் ஜாக்கிரதை. இதில் ஒரு விநோதமும் இருக்கிறது. நாவலில் எங்கிருந்தோ வந்த கறுத்த பையன் ஹீத்கிளிஃப். லஸ்கர் பிள்ளையோ, அதாவது இந்தியக் கப்பலாளின் பிள்ளையோ, என்றுகூட அவனைச் சந்தேகிக்கிறார்கள். அந்த வேஷம் வெள்ளைக்கார ஒலிவியேவுக்கு. யார்க்ஷயர் வெள்ளைக்காரச் சீமாட்டி வேஷம் நம்ம பம்பாய்ப் பெண்ணுக்கு! கேத்தியாக நடிக்க ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போன விவியன் லீயும் டார்ஜிலிங்கில் பிறந்தவர் என்பது இன்னொரு வேடிக்கை.

என் கணக்கில் அவருடைய நல்ல படம் 'தி டார்க் ஏஞ்சல்' (1935). போரில் கண் பார்வை போன காதலன் அதைக் காதலியிடம் மறைக்கிறான். அறையில் எந்தப் பொருள் எங்கே என்று மனப்பாடம் செய்துகொண்டு பார்வை உள்ளவன்போல அவளிடம் பேசுகிறான். வாழ்நாளெல்லாம் ஒன்றை மறைத்தவர், இங்கே மறைப்பவனின் எதிரில் நிற்கிறார். ஓபரானின் முகத்தில் முதலில் அடிபட்ட மரியாதை, அப்புறம் மெல்ல விடியும் சந்தேகம், கடைசியில் புரிதல். ஒரு சத்தமும் இல்லை. இப்படி ஒரு மனிதனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் உள்ளே என்ன ஓடியிருக்கும்? இந்தப் படத்துக்குத்தான் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை. பரிசு பெட் டேவிஸுக்குப் போனது. 2023இல் மிஷெல் இயோ அந்தப் பரிசை வாங்கியபோது, ஆசிய வம்சாவளியில் முதன்முதல் பரிந்துரை பெற்றவர் என்று ஓபரானின் பெயர் மறுபடி பேசப்பட்டது. உயிரோடு இருந்தவரை அவர் அந்தப் பட்டத்தை ஏற்றிருக்க மாட்டார்.

1939இல் கோர்டாவை மணந்தார், 1945இல் விவாகரத்து. அதன்பின் வந்த படங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 'எ சாங் டு ரிமெம்பர்' (1945) படத்தில் ஆண் உடையில் வரும் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் வேஷம் மட்டும் விலக்கு. அதில் கொஞ்சம் திமிர் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.

1978இல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரத்தார் "எங்க ஊர்ப் பெண்" என்று அழைத்து வரவேற்பு வைத்தார்கள். போனார். பிறந்திராத ஊரில், தெரியாத சொந்தங்களுக்கு நடுவில், அந்த விருந்து அவருக்குச் சுகப்படவில்லை. அடுத்த வருஷம் நவம்பர் 23இல் கலிபோர்னியாவின் மாலிபுவில் காலமானார். வெளுத்த அம்மாவின் ஓவியம் கடைசிவரை கூடவே இருந்தது.