மாவுப்பூச்சிக்குள் ஒரு குளவி

மொரப்பூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டில் சுருண்ட கொழுந்தைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளை மாவுப்பூச்சிகளுக்கு நடுவே உப்பி, பழுப்பேறி, விறைத்த சில தென்பட்டால், அது பெரும்பாலும் அனாகிரஸ் லோபசி குளவியின் கைவேலை.

இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத பெண்குளவி, பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. பூச்சி உடனே சாவதில்லை. சாறு உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்தச் சாறெல்லாம் இனி உள்ளே வளரும் புழுவுக்கு! கடைசியில் பூச்சியின் தோலே இறுகிக் கூடாகிவிடுகிறது. அதில் வட்டமாக ஒரு துளையிட்டுக் குளவி வெளியேறும். கம்பாசில் வரைந்தாற்போன்ற அந்தத் துளையை லென்சில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

தென்னமெரிக்கக் குளவி இது. 1981இல் நைஜீரியாவில் விடப்பட்டு, ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்தது. பிறகு அங்குள்ள பெனினிலிருந்து பெங்களூரு வழியாக வந்து, 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

மருந்தடிக்கும் முன் கூடுகளைத் தேடுங்கள். இருந்தால் ஸ்பிரேயரை இறக்கி வையுங்கள்.