உதவி நிறுவனங்களின் மறுசிந்தனை

1942 இல் அச்சு நாட்டுப் படைகளின் பிடியிலிருந்த கிரேக்கத்தில் மக்கள் உணவின்றி மடிந்தனர். நேசநாடுகளின் கடல் முற்றுகையோ உணவுக் கப்பல்களைத் தடுத்தது. அம்முற்றுகையைத் தளர்த்துமாறு பிரித்தானிய அரசை வற்புறுத்த ஒக்ஸ்போர்ட் நகரில் ஒரு குழு தோன்றியது. இன்றைய ஒக்ஸ்பாமின் மூலம் அதுவே. தன் சொந்த அரசின் போர்க்கொள்கையையே எதிர்த்துப் பிறந்த தருமம் அது. தருமத்தை வெறும் இரக்கமெனக் கொள்வோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

அந்நிறுவனத்தின் சர்வதேசச் செயலகம் 2010களில் நைரோபிக்குப் பெயர்ந்தது. இதனை நாம் பழிக்கவில்லை. ஆயின், அலுவலகத்துடன் பணப்பெட்டியின் திறவுகோலும் பெயர்ந்ததா? 2016 இல் இஸ்தான்புல் மாநாட்டிலே, மனிதாபிமான நிதியில் 25 வீதத்தை 2020 இற்குள் இயன்றளவு நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்கு அளிப்பதாகக் கொடையாளரும் பெரும் நிறுவனங்களும் உடன்பட்டனர். தவணை கடந்தது, வாக்கு நிறைவேறவில்லை. வெள்ளத்தில் முதலில் இறங்குபவன் உள்ளூரான். அவன் கணக்கு ஒப்புவிப்பதோ கடலுக்கு அப்பால் இருப்பவனுக்கு. (அதுவும் ஆங்கிலத்தில்!)

2025 இல் அமெரிக்காவின் அரச உதவி நிறுவனமான யூஎஸ்எயிட் மூடப்பட்டபின், மறுசிந்தனைப் பேச்சு மேலும் வலுத்துள்ளது. வரவு குறைந்தபின் வலுக்கும் சிந்தனையை நாம் சற்று ஐயத்துடனேயே நோக்குகிறோம். ஒரு கிராமத்துக்குக் கிணறு வேண்டுமா, பாடசாலை வேண்டுமா என்று தீர்மானிக்கும் கூட்டத்தில், அக்கிராமத்தார் எத்தனை பேருக்கு வாக்குண்டு?