ஷாப்பில் விற்பனை இல்லை

காலை ஏழரை மணிக்கு ஆம்பூரில் டிபன் கேரியரோடு சைக்கிள் மிதிக்கிறவரை நிறுத்தி எங்கே என்று கேட்டால், "ஷாப்புக்கு" என்பார். அங்கே வாங்குவதற்கு ஒன்றும் கிடையாது. தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் வாய்ப்பெயர் தோல் ஷாப்பு; திண்டுக்கல்லிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குக் கடை என்றும் பட்டறை என்றும் பொருள் உண்டு. சென்னையில் ஷாப்பிங் போகிறவர் முதல் பொருளை எடுத்துக்கொண்டார். ஆம்பூர்த் தொழிலாளி இரண்டாவதை. கிரேக்கத்தில் இந்தச் சிக்கல் எழாது. கடைக்கு 'மகாஸி', பட்டறைக்கு 'எர்காஸ்தீரி' என்று தனித்தனிச் சொற்கள்.

பல பொருள் ஒரு சொல் நமக்குப் புதிதல்ல. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் 11ஆம் தொகுதி முழுக்க அதுதான். எதுகை பார்த்து அடுக்கிய சொற்களைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தலையாட்டி மனப்பாடம் செய்தார்கள். ஆங்கிலச் சொற்களோடு மல்லுக்கட்டியது பிறகு வந்தது. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்குத் தமிழ் தேடச் சங்கம் வைத்தார்கள். 1960களில் அ. சிதம்பரநாதன் செட்டியார் பொறுப்பில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் வந்தது. இப்போது அரசின் சொற்குவை இணையத்திலேயே இருக்கிறது. இவற்றைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, தினமும் புரட்டிப் பிழைக்கிறவன் நான். ஆனால் அகராதி பொருள்களை வரிசையில் நிறுத்தும், அவ்வளவுதான். எந்த வாசலுக்கு எதை அனுப்புவது என்று அது சொல்லாது.

தோல் பயிற்சிக் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தைத் திருத்தித் தரும் வேலை ஒருமுறை வந்தது. மூன்றாம் பக்கத்திலேயே 'கொழுப்பு மது' என்று இருந்தது. சிரித்துவிட்டுத்தான் மூலத்தைப் பார்த்தேன்: ஃபேட் லிக்கர். பதனிட்ட தோல் காய்ந்தால் விறைத்துப் போகும். அது மெத்தென்று இருக்க, எண்ணெயைத் தண்ணீரில் பால்போலக் கலந்து டிரம்மில் விட்டுச் சுற்றுவார்கள். அந்தக் கலவைதான் இது. தோலை ஊறப்போடும் எந்தத் திரவமும் தொழிலில் லிக்கர்தான். அகராதியில் முதலில் நிற்கும் மது மொழிபெயர்ப்பாளரைக் கவிழ்த்துவிட்டது. அதே கையேட்டில் பிக்கிள், ஊறுகாய் ஆகியிருந்தது. உப்பும் அமிலமும் கலந்து தோலைக் குரோமுக்குத் தயார்செய்யும் கட்டம் அது. பாட்டி கேட்டால் ஒருவேளை ஒப்புக்கொள்வாள்.

லிக்கருக்கு என்ன போடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஊறல் என்று போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. ஜவ்வாது மலையிலும் பேரணாம்பட்டுக் காட்டிலும் போலீஸ் பேரல் பேரலாகக் கொட்டி அழிக்கிற, சாராயம் காய்ச்சுவதற்கான கலவைக்கும் ஊறல் என்றுதானே பெயர்? வேலம்பட்டை போட்டு ஊறவைப்பது அது. பட்டை போட்டுத் தோலை ஊறவைப்பது இது. ஆங்கிலச் சொல்லுக்கு இருந்த அதே இரட்டைப் பொருள் தமிழிலும் காத்துக்கொண்டிருந்தது, தேடியவர்தான் குறைவு.

பட்டையின் காலத்தில் இந்தத் தொல்லை அதிகமில்லை. பச்சைத்தோல், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று தொழில் முழுக்கத் தமிழில் நடந்தது. 1970களில் பச்சைத்தோலையும் அரைகுறையாகப் பதனிட்டதையும் ஏற்றுமதி செய்ய அரசு கடிவாளம் போட்டது; முடித்த தோலாக, செருப்பாக, ஷூவாக அனுப்பு என்றது. தோலோடு கூடவே வெட் ப்ளூ, கிரஸ்ட், ஃபினிஷ், கிரெயின், அப்பர் என்ற சொற்கள் எல்லாம் வந்து இறங்கின. ரொட்டியின் ஓடும் கிரஸ்ட்தான், தானியமும் கிரெயின்தான். ஆனால் ஷாப்பில் யாரும் தடுமாறுவதில்லை. கடன் வாங்கிய சொல் ஒரே ஒரு பொருளைத்தான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது.

ஷூ கம்பெனிகளில் 'லாஸ்ட்' என்பது பாத வடிவ அச்சு. ஷூவின் மேற்பகுதியான அப்பரை அதன்மேல் இழுத்து ஒட்டுகிற இடம் லாஸ்டிங். அந்த லைனில் நிற்கும் பெண்ணுக்கு லாஸ்ட் என்றால் உள்ளங்கை பிடிக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் கட்டை. வீட்டில் டிவியில் கிரிக்கெட் ஓடும்போதுதான் அது லாஸ்ட் ஓவர். பழைய கிரேக்கர் இந்தக் கட்டையை 'மரக்கால்' என்றார்கள், காலோபூஸ். அது அரபியில் காலிப் ஆகி, உருது வரை வந்து அச்சு, வார்ப்பு என்று பொருள் விரிந்தது. ஆம்பூர் வீடுகள் பலவற்றில் பேச்சுமொழி உருது என்பதை நினைத்தால், லாஸ்டுக்கு அச்சு என்பதே பொருத்தம் என்பேன். கடைசியை மட்டும் தயவுசெய்து வெளியே விடுங்கள்.

ஆங்கிலேயன் மாட்டுத்தோலை ஹைட் என்பான், ஆட்டுத்தோலை ஸ்கின், பதனிட்டதை லெதர். நமக்கு மூன்றும் தோல். அதனால்தான் ஹைட், ஸ்கின் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வணிக ஆவணங்கள் தமிழில் 'தோல்களும் தோல்களும்' என்று திக்கும். மாடு, ஆடு, பச்சை என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. கிரேக்கர்களும் நம் கட்சி: மேனித்தோலும் பதனிட்ட தோலும் அவர்களுக்கு 'தெர்மா'தான்.

1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வொக்லான் கண்டுபிடித்த உலோகத்தின் உப்புகள் பல நிறம் காட்டியதால், நிறத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து குரோமியம் என்று பெயர் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதை வைத்துத் தோல் பதனிடுவதைச் சென்னையில் தொடங்கிவைத்தார். பிறகு வந்த குரோம் லெதர் கம்பெனி ஒரு ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் கொடுத்தது. பழைய கிரேக்கத்தில் 'குரோமா' முதலில் குறித்தது உடம்பின் தோலை. அப்புறம் தோலின் நிறம். அதற்கும் அப்புறம்தான் எல்லா நிறமும். ராணிப்பேட்டையில் டிரம்மின் கதவைத் திறந்து, சொட்டச் சொட்ட நீலமாக ஒரு தோலைக் கொக்கியால் இழுத்துப் போடுகிறவர் அதைக் குரோம் என்கிறார்.