விளைநிலம் என்னும் வசை

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு மாணவிகளை அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒரு சொல்லின் முன் நின்றுவிடுவேன்: கருவறை. இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கற்றளி. அதன் மையத்துக்குப் பெண்ணுடலின் பெயர். ஆனால் அந்த அறைக்கென்று வேலை எதுவும் இல்லை. உள்ளே இருப்பவருக்கே பூசையும் பெயரும்.

சென்ற முறை உடன் வந்த விலங்கியல் மாணவி தன் குறிப்பேட்டைக் காட்டினாள். கருப்பதிவு பற்றிய பக்கம். கருவின் வெளிச்செல்கள் கருப்பைச் சுவரை 'அரிக்கின்றன', 'ஊடுருவுகின்றன', 'ஆக்கிரமிக்கின்றன'. எல்லா வாக்கியத்திலும் கருவே எழுவாய். தாயின் திசு செயப்படுபொருள். சினைமுட்டையும் விந்தணுவும் அறிவியல் நூல்களில் காதல் கதையாக எழுதப்படுவதை மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல் எடுத்துக்காட்டினார். இங்கே காதல்கூட இல்லை, படையெடுப்பு.

உண்மையில் நடப்பது என்ன? திசுக்களைக் கட்டி நிறுத்துவது கொலாஜன். மூன்று புரி முறுக்கிய கயிறு போன்ற அதன் வடிவத்தை 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். அந்தக் கயிற்றை அறுக்கும் நொதியை 1962இல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியரும் கண்டது தலைப்பிரட்டையின் வாலில். வால் கரைந்தால்தான் தவளை. அந்த நொதிக் குடும்பத்துக்கு மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்று பெயர். மனிதரிடம் 23 உண்டு. கரு பதியும்போது அதன் செல்கள் இவற்றுள் சிலவற்றைச் சுரந்து வழி திறக்கின்றன. அதே சமயம் தாயின் கருப்பை உட்படலம் தன்னைத் தானே மாற்றி அமைத்துக்கொண்டு, டிம்ப் எனப்படும் தடுப்புப் புரதங்களைச் சுரந்து, எவ்வளவு ஆழம் என்று எல்லை வைக்கிறது. பழைய அறுவைத் தழும்பின் மேல் அந்தப் படலம் சரியாக அமையாதபோது நஞ்சு தசைக்குள் ஆழமாக இறங்கி, பேற்றின்போது உயிருக்கே ஆபத்தாகிறது. எல்லை வைப்பவள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பேற்றுக்கு முன் கருப்பை வாய் இளகுவதும், பிறகு ஒரு கிலோ அளவுக்குக் கனத்த கருப்பை ஆறு வாரத்தில் பழைய அளவுக்குச் சுருங்குவதும் இதே சீரமைப்பு வேலைதான். குறிப்பேட்டில் அதற்கு வினைச்சொல்லே இல்லை.

இது எனக்கு வெறும் இலக்கண விவகாரம் அல்ல. முதல் கர்ப்பத்தில் ஏழாம் மாதம் இரத்த அழுத்தம் ஏறிக் குழந்தையை இழந்தேன். துக்கம் கேட்க வந்த உறவுப் பெண் ஒருவர் சொன்னார்: "நாத்து நல்ல நாத்துதான், வயல்தான் சரியில்ல." கருப்பை இரத்தக்குழாய்கள் போதிய அளவு சீரமையாமல் போவதோடு இந்நோய்க்குத் தொடர்பு உண்டு என்றும், அந்தச் சீரமைப்பில் இரு தரப்புச் செல்களுக்கும் பங்கு உண்டு என்றும் பல ஆண்டுகள் கழித்தே படித்தேன். படித்தபோது அழுதேன். குற்றம் என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை.

அதற்காகக் கருப்பையை இன்னொரு தெய்வமாக்க நான் வரவில்லை. 'உரையாடல்' என்று எழுதினாலும் அது உவமைதான். ஆனால் ஓர் உவமை யாருடைய வேலையை மறைக்கிறது என்று கேட்கலாம். வயல் சும்மா கிடக்கும் என்று டெல்டாவில் யாரும் சொல்ல மாட்டார்கள். சேறு உழுது, அண்டை வெட்டி, பரம்படித்த பிறகே நாற்று நிற்கும். குனிந்து அதை நடுபவர்களும் பெண்கள்தான்.

மாணவி தன் குறிப்பேட்டில் ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு, 'தாயின் திசு' என்று தொடங்கினாள். வினைச்சொல்லுக்காக இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.