அடுத்த பிற்பகல் இல்லாத வகுப்பு

பியானோ மேதை பிரான்ஸ் லிஸ்ட் ஜெர்மனியின் வைமாரில் பாடம் சொல்லிக்கொடுக்கக் காசு வாங்கவில்லை. 1869 முதல் 1886-இல் இறக்கும்வரை, ஆண்டுதோறும் சில மாதங்கள், வாரத்தில் மூன்று பிற்பகல்கள் இளம் பியானோ கலைஞர்கள் அவர் வீட்டில் கூடினார்கள். கொண்டுவந்த இசைத்தாள்களைப் பியானோவின் மேல் வைப்பார்கள். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதற்குரியவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். விரல் பயிற்சியை வீட்டிலேயே முடித்துவிட்டு வர வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர்.

நியூயார்க்கின் ஜூலியார்ட், பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி போன்ற இடங்களில் விருந்துக் கலைஞர்கள் நடத்தும் மாஸ்டர் கிளாஸ்களுக்கு, அதாவது பார்வையாளர் முன்னிலையில் மாணவரைத் திருத்தும் வகுப்புகளுக்கு, இதுவே மூலம். பலவற்றுக்கு இன்றும் நுழைவு இலவசம். இத்தகைய வகுப்பின் பயன் பெரிது. கச்சேரியில் நமக்குக் கிடைப்பது முடிந்த வேலை. இங்கே, வயலின் வில்லின் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்ததும் அதே வரி வேறொன்றாக மாறுவதைக் கண்முன் பார்க்கிறோம். ஒரு மணி நேரம் இப்படிக் கேட்டவர் அடுத்த கச்சேரியை வேறு காதோடு கேட்பார். சென்னை மியூசிக் அகாதெமியின் மார்கழிக் காலைச் செயல்முறை விளக்கங்களும் ரசிகரின் காதைத் தீட்டுபவைதாம். ஆனால் அங்கே சீடரைத் திருத்துவதில்லை. திருத்தம் குருவின் வீட்டோடு முடிந்துவிடும்.

சபை நடுவே திருத்துவது கொடுமை என்பார்கள். 1995-இல் வந்த டெரன்ஸ் மெக்னாலியின் ‘மாஸ்டர் கிளாஸ்’ நாடகம், ஓபரா பாடகி மரியா காலஸை மாணவர்களைக் குதறுபவராகக் காட்டி அந்த எண்ணத்தை வலுப்படுத்தியது. 1971–72-இல் அவர் ஜூலியார்டில் நடத்திய வகுப்புகளின் ஒலிப்பதிவுகளோ வேறு மனுஷியைக் காட்டுகின்றன. சொல்லின் உச்சரிப்பு, மூச்சு விடும் இடம், ஒரு எழுத்தின் அழுத்தம் என்று பொறுமையாக வேலை செய்கிறார். தளர்ந்துபோன தன் குரலிலேயே பாடிக் காட்டுகிறார். அதைவிட முக்கியம், தேர்ந்தெடுத்த சுமார் 25 பேரோடு அவர் பல மாதங்கள் இருந்தார்.

இன்றைய வகுப்பில் இல்லாதது அந்த இருப்புதான். ஒரு மாணவருக்கு அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். அதற்குள் மாற்றம் தெரிய வேண்டும், அரங்கம் காத்திருக்கிறது. ஆகவே உடனே காதில் விழக்கூடியதையே விருந்தினர் தொடுகிறார்: வேகம், ஒலியளவு, ஒரு நிறுத்தம். மாணவர் சொன்னபடி வாசித்ததும் கைதட்டல் எழுகிறது. அவர் புரிந்துகொண்டாரா, அப்போதைக்குப் பின்பற்றினாரா என்பது யாருக்கும் தெரியாது. கதை சொல்லியே நேரத்தைக் கடத்தும் நட்சத்திரங்களும் உண்டு.

வாய்ப்பாட்டில் இது இன்னும் ஆபத்து. இருபது வயதுக் குரலின் மூச்சுமுறையை ஓர் ஆசிரியர் இரண்டு ஆண்டுகளாகக் கட்டி வந்திருப்பார். அதற்கு நேரெதிராக ஒன்றைச் சொல்லிவிட்டு விருந்தினர் மறுநாள் விமானம் ஏறிவிடுகிறார். நடுவில் தவிப்பது மாணவர்.

இலவசக் கதவை மூடச் சொல்லவில்லை. அது திறந்தே இருக்கட்டும். மறுநாள் காலை, பார்வையாளர் இல்லாமல், அதே மாணவரோடும் அவருடைய ஆசிரியரோடும் இன்னொரு அமர்வு வேண்டும் என்றே கேட்கிறேன். அதற்கு விருந்தினரின் பயணத்தை அரை நாள் தள்ளிப்போட்டால் போதும்.