முக்காட்டினுள் முகம்

கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தைக் காணாதார் இலர். கொழும்பின் பிளேட் நிறுவனம் போன்றன பிரித்தானியர் காலத்தில் வெளியிட்ட அஞ்சலட்டைகளில் அவளுக்குப் பெரும்பாலும் பெயரில்லை, தொழிற்பெயரே உண்டு. விடுதியில் அத்தகைய அட்டையொன்றைக் கண்ட நண்பர், “எல்லோருக்கும் ஒரே முகம்” என்றார். தலவாக்கலையில் லயத்தில் வளர்ந்த எனக்குச் சினம் மூண்டது. அச்சினம் முற்றிலும் நியாயமானதன்று என இப்போது கருதுகிறேன்.

எல்லிஸ், ஷெப்பேர்ட், டேவிஸ் ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான முகத்தைக் கண், மூக்கு, வாய் என்னும் உட்கூறுகளாலேயே நாம் எளிதில் இனங்காண்கிறோம். அறிமுகமற்ற முகத்தில் இவ்வுட்கூறுகளுக்கு அத்தகைய முதன்மை இல்லை. தலைமயிரும் முகவிளிம்பும் அவற்றுக்கு ஈடாக நிற்கின்றன. முக்காடோ அவ்விரண்டையும் மறைத்துவிடுகிறது. அந்நியர் கண்ணுக்கு எஞ்சுவன துணியும் கூடையுமே. விடியற்பனியில் பெரட்டுக்களத்துக்குச் செல்லும் வரிசையில் தன் தாயைக் குழந்தை தவறவிடுவதில்லை. (நடையும் குரலும் அதற்குத் துணைபுரிகின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

2011இல் ஜென்கின்ஸ் குழுவினர் இரு டச்சுப் பிரபலங்களின் படங்களை, ஆளுக்கு 20 வீதம், கலந்து கொடுத்து ஆள்வாரியாகப் பிரிக்கச் செய்தனர். அவர்களை அறியாத பிரித்தானியர் பலரைக் கண்டனர். அறிந்த டச்சுக்காரர் இருவரையே கண்டனர். ஒருவரைப் பல நிலைகளிற் கண்டு பழகுவதே அறிமுகம் என்பது இதனாற் புலனாகும்.

1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளையின் ‘போர்ன் டு லேபர்’ (1970) நூலை இவ்வளவுகோல்கொண்டு நோக்கலாம். தோட்ட மாந்தரைப் பற்றிய சொற்சித்திரங்கள் அவை. மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்தவர், அம்மக்களை அறியாதாரும் படிக்க ஆங்கிலத்தில் எழுதினார். அஞ்சலட்டை தராத பேச்சையும் சினத்தையும் அவர் தந்தார், அது பெரும்பணி. எனினும் சொற்சித்திரத்தில் ஒருவரை ஒருமுறையே காண்கிறோம். நேற்றுச் சிரித்தவர் இன்று சம்பளநாளில் எவ்வாறிருப்பார் என்பதை அறியுமுன் பக்கம் முடிந்துவிடுகிறது. எழுதியவர்க்கு அறிமுகமான முகம் வாசகர்க்கு அவ்வாறே அறிமுகமாகிவிடும் எனக் கொள்வது தவறு. மலையகச் சிறுகதைகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். ‘நம்மவர்’ என்ற உரிமையை நாம் கண்பார்வையாக மயங்குகிறோம்.

விடுமுறைக்குச் சென்றபோது அந்த அட்டையை நானே உருப்பெருக்காடியால் ஆராய்ந்தேன். வரிசையில் நின்ற நால்வரில் இருவர் எனக்கும் ஒருவராகவே தோன்றினர். அப்பாயியிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்து நெடுநேரம் பார்த்தவர், “இதுக நம்ம தோட்டத்து ஆளுக இல்லப்பா” என்று திருப்பித் தந்தார்.