முதுமையும் நொதியும்: எதனால் வகுப்பது?

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த எம். எஸ். கனுங்கோ (1927–2011), முதுமையின் வேதியியலை எலிகளிடம் ஆராய்ந்தவர். 1980-இல் வெளிவந்த அவருடைய 'பயோகெமிஸ்ட்ரி ஆஃப் ஏஜிங்' உலகறிந்த நூல். நான் இயற்பியல் கற்பிப்பவன், இத்துறைக்கு அயலான். ஆயினும் எந்த அளவீட்டைக் கண்டாலும் "அலகு என்ன?" என்று கேட்பது எங்கள் பழக்கம்.

1968-இல் கனுங்கோவும் சிங் என்பவரும் பல வயது எலிகளின் மூளை, இதயம், தசை, கல்லீரல் ஆகியவற்றில் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியை அளந்தனர். எம், எச் என்ற இருவகைத் துணைக்கூறுகள் நான்கு சேர்ந்து அமைவது இந்நொதி. தசை போன்ற திசுக்களில் முதுமையில் எம் வகையின் பங்கு குறையக் கண்டனர். இரு வகைகளையும் உண்டாக்கும் ஜீன்கள் வெவ்வேறு. ஆகவே, ஜீன்களின் இயக்கம் மாறுவதே முதுமைக்குக் காரணம் என்ற கொள்கையைக் கனுங்கோ 1975-இல் விரித்துரைத்தார். இங்கே நான் பாராட்டுவது அந்த விகிதத்தை. விகிதம் எடுத்தால் திசுவின் எடை மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது அல்லவா?

ஆனால் இதே வாதத்தை நோய்த்தடுப்புத் திசுக்களுக்கு நீட்டுவோரிடம் எனக்கு உடன்பாடில்லை. மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில்தான் டி-செல்கள் பக்குவமடைகின்றன. எலியாயினும் மனிதராயினும், பருவமடைந்தபின் அது சுருங்குகிறது. கொழுப்பு அவ்விடத்தை நிரப்புகிறது. அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி இச்சுரப்பியில் மிகுதி. நோய்த்தடுப்பாற்றல் குன்றிய இரு குழந்தைகளிடம் இந்நொதி இல்லாததை 1972-இல் கிப்லெட் குழுவினர் கண்டறிந்தது முதல் இதன் மதிப்பு உயர்ந்தது. முதிய எலியின் தைமஸில், ஒரு கிராமுக்கு இந்நொதி குறைந்திருந்தால் "செல்கள் தளர்ந்தன" எனச் சொல்லிவிடலாமா?

ஓசூர் சிப்காட்டில் ஒரு பட்டறையின் உற்பத்தியைச் சதுர அடியால் வகுத்துப் பார்ப்பதாகக் கொள்வோம். பத்தாண்டில் அந்த எண் பாதியாகிறது. தொழிலாளியின் கை தளர்ந்ததா, பாதி இடத்தைக் கிடங்கு பிடித்துக்கொண்டதா? சரி, ஆள் எண்ணிக்கையால் வகுப்போம். கடைசல்காரர்கள் விலகிப்போய்க் கட்டுக்கட்டுவோர் மட்டும் மிஞ்சியிருந்தால், எவர் கையும் தளராமலே சராசரி விழும். தைமஸிலும் இப்படித்தான்: புறணியிலுள்ள இளஞ்செல்களில் இந்நொதி அதிகம், பக்குவமடைந்தவற்றில் குறைவு. இளஞ்செல்கள் குறைந்தாலே கணக்கு மாறிவிடும். கனுங்கோவின் விகிதமும் இங்கே முழுத்துணை ஆகாது. செல்களின் கலவை மாறினால் விகிதமும் மாறும். இதயத் தசைச் செல்கள் வளர்ச்சிக்குப்பின் பெரும்பாலும் பெருகுவதில்லை. எனவே அங்கு இந்த ஐயம் சிறிது. தைமஸிலோ செல்கள் ஓயாது பிறந்து, மடிந்து, வெளியேறுகின்றன.

இது வெறும் கணக்கு வழக்கன்று. "வயதானால் நொதி குறைகிறது" என்ற ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்புச் சக்திக்கென டானிக் விற்போர் உண்டு. ஓய்வூதியப் பணத்தில் வாங்கிக் குடிப்போரும் உண்டு. நொதி ஒரு புரதம். விழுங்கினால் பெரும்பாலும் செரித்துவிடும். பிறவியிலேயே டிஅமினேஸ் குறைந்த குழந்தைகளுக்காக 1990-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதும் ஊசி மருந்தே.

சுரப்பியின் மொத்த எடை, கிடைத்த செல்களின் எண்ணிக்கை, எவ்வகைச் செல் எத்தனை பங்கு என்பவற்றை நொதியின் அளவுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டால், படிப்பவர் தாமே வகுத்துப் பார்த்துக்கொள்வார்.